கிணற்றடிக்குப் போகும் முன் லென்ஸைக் கழற்றுங்கள்: மட்டக்களப்புக்கு விடுமுறையில் போவோருக்கு

போன தடவை கல்லடியில் மாமி வீட்டு வாசலில் இறங்கியதும், பை கூடத் திறக்காமல் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினேன். விமானத்தில் ஒரு பகல் ஒரு இரவு, பிறகு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் எட்டு மணி நேரம், அந்தத் தண்ணீர் தலையில் விழுந்த சுகத்தில் கண்ணுக்குள் கொன்டாக்ட் லென்ஸ் கிடப்பதே மறந்து போனது. அடுத்த நாள் காலையில் இடது கண் செவ்வரத்தம்பூ மாதிரிச் சிவந்திருந்தது. கண் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "லென்ஸோட தண்ணி பட்டதா?" என்பதுதான். மருந்து விட்டு, ஒரு கிழமை கண்ணாடியோடு திரிந்து தப்பினேன்.

ஊர்த் தண்ணீர் கூடாது என்று சொல்ல வரவில்லை. அகாந்தமீபா என்றொரு நுண்ணுயிர் கிணற்றிலும் குழாயிலும் வாவியிலும் கடலிலும் இருக்கும், லண்டன் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும், குளோரின் போட்டாலும் இலேசில் சாகாது. வெறுங்கண்ணில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லென்ஸ் இருந்தால்தான் அது ஒட்டிக்கொண்டு கருவிழியில் மணிக்கணக்காகக் கிடக்க இடம் கிடைக்கிறது. அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும், சிலருக்குக் கருவிழி மாற்றும் சத்திரசிகிச்சை வரை போகும். வெளிநாட்டில் நாம் ஒரு நாளைக்கு ஒரு தடவை ஷவரில் நிற்கிறோம். ஊரிலே காலையில் கிணறு, மத்தியானம் கடல், பின்னேரம் திரும்பவும் கிணறு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே பாசிக்குடாவுக்குப் போனாலும் இதே கதைதான். "முழங்கால் தண்ணிதானே" என்று இறங்குவீர்கள், பக்கத்தில் பிள்ளைகள் முகத்தில் அடிப்பார்கள். அறுகம் குடாவில் அலைச்சறுக்கு பழகப் போகிறவர்களுக்கு லென்ஸ் முதல் அலையோடு போய்விடும், போகாமல் உள்ளே கிடந்தால் அது அதைவிட மோசம். பவர் போட்ட நீச்சல் கண்ணாடி ஒன்றை வெளிநாட்டிலேயே செய்துகொண்டு வாருங்கள். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போகிறவர்கள் லென்ஸை வீட்டிலேயே கழற்றி வையுங்கள், அந்தச் சனத்துக்குள் நின்று கழற்ற முடியாது.

என்ன லென்ஸ் கொண்டு போவது? தினமும் எறிந்துவிடும் வகைதான், யோசிக்கவே வேண்டாம். மூன்று கிழமை நிற்பதென்றால் 21 சோடி, அதற்கு மேல் ஒரு ஆறு சோடி. கைப்பையில் வையுங்கள், பெட்டி கொழும்புக்கு வராமல் போனாலும் பரவாயில்லை. பவரும் மற்ற அளவுகளும் எழுதிய துண்டை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அதற்காக உங்களுடைய அளவு ஊர்க் கடையில் அன்றைக்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

மாத லென்ஸ்தான் போடுவேன் என்பவர்களுக்கு வேலை கூட. லென்ஸ் கழுவி ஊறவைக்கும் சொலுஷன் பெரிய போத்தலைக் கைப்பையில் நம்பி வைக்க முடியாது, பல விமான நிலையங்களில் 100 மில்லிலீட்டர் கட்டுப்பாடு, ஆகவே பெரிய பெட்டிக்குள் வையுங்கள். ஊருக்கு வந்த பிறகு அதை வெயிலில் நிற்கும் வானுக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு இரவும் டப்பியில் இருக்கும் பழைய சொலுஷனை ஊற்றிவிட்டுப் புதியதை விடுங்கள், பழையதன் மேல் கொஞ்சம் சேர்ப்பது மிச்சம் பிடிப்பதல்ல. லென்ஸை உள்ளங்கையில் வைத்துச் சொலுஷனிலேயே தேய்த்து அலச வேண்டும். டப்பியையும் சொலுஷனால் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். சொலுஷன் முடிந்துவிட்டதென்றால் கொதித்தாறிய தண்ணீர், போத்தல் தண்ணீர் எதுவும் சரிவராது. என் மச்சான் ஒருவர் இளநீர் சுத்தமானது என்று அறிவுரை சொன்னார், அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. ஹைட்ரஜன் பெரொக்சைட் சொலுஷன் வைத்திருப்பவர்கள் கரண்ட் போன இருட்டில் போத்தல் மாறி நேரே கண்ணில் விட்டுவிடாதீர்கள், எரிந்து கொட்டும்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு கை நன்றாகக் காய வேண்டும், விரலில் நிற்கும் கிணற்றுத் தண்ணீரும் தண்ணீர்தான். சாரத்திலோ துவாயிலோ துடைக்காமல் டிஷ்யூவில் துடையுங்கள். அம்மம்மாவின் முழங்காலுக்குச் சித்தாலேப தேய்த்த கை, நண்டுக் கறிக்குக் கொச்சிக்காய் அரிந்த கை, நுளம்புக்குக் கிறீம் பூசிய கை, இவற்றோடு லென்ஸைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆனி, ஆடியில் போகிறவர்களுக்குக் கச்சான் காற்று இருக்கிறது. கடலைக் கச்சான் இல்லை, மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும்போது சூடேறி, மட்டக்களப்புப் பக்கம் காய்ந்து அடிக்கும் காற்று. கடல் காற்றையே தள்ளிவிடும். லென்ஸ் கண்ணுக்குள் கடதாசி மாதிரி ஆகும். லென்ஸோடு விடலாம் என்று எழுதியிருக்கும் செயற்கைக் கண்ணீர் வைத்திருங்கள், போடும் நேரத்தைக் குறையுங்கள். படுவான்கரைப் பக்கம் வயலில் நெல்லுச் சூடு அடிக்கிற இடத்துக்கோ மோட்டார் சைக்கிளில் பின்னாலோ போவதென்றால் கண்ணாடிதான். நெல் தூசியும் பதரும் கருவிழியைக் கீறினால் பூஞ்சைத் தொற்று வரலாம், அது மாறுவது மிகவும் மெதுவாக.

கலியாண வீடு, சாமத்திய வீடு என்றால் இப்போது கலர் லென்ஸ் ஒரு தொல்லை. அலங்காரம் செய்ய வருபவர் ஒரு சோடியை எடுத்து நீட்டுவார், அதை அதற்கு முன் யார் போட்டார்கள் என்று கேட்டால் முகம் கோணும். கோணட்டும். அளவு பார்க்காத லென்ஸையும், மச்சாளோடு மாற்றிப் போடும் லென்ஸையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களுடையதைப் போடுவதானால் லென்ஸ் முதலில், மை பிறகு. கழற்றும்போதும் லென்ஸ்தான் முதலில். ஓமப் புகைக்குப் பக்கத்தில் இருக்கும் பெண் மாப்பிள்ளைக்கு என் அனுதாபம்.

லென்ஸோடு நித்திரை கொள்ள வேண்டாம். தொற்று வரும் வாய்ப்பு ஆறு முதல் எட்டு மடங்கு என்று கணக்கு. கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனிலேயே கழற்றிவிடுங்கள், ஆடுகிற ரயில் கழிவறையில் கழற்ற நினைக்காதீர்கள்.

கண் சிவந்து, நோவும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து, பார்வை மங்கினால், அல்லது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், லென்ஸைக் கழற்றி டப்பியோடு கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கண் டொக்டரிடமோ போங்கள். கல்முனையில் நிற்பவர்களுக்கு அது 40 கிலோமீட்டர் அளவுதான். சில பக்டீரியாத் தொற்றுகள் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கெடுக்கும், ஆகவே "திரும்பிப் போய்க் காட்டலாம்" என்று ரிக்கட் திகதியைப் பார்க்காதீர்கள். தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைப் பூச் சாறு விடு என்பார்கள், அன்பாய்த்தான் சொல்வார்கள், விடாதீர்கள். பாமசியில் கேட்டு ஸ்டெரொயிட் கலந்த மருந்து விடுவது இன்னும் மோசம், சிவப்பு குறையும், உள்ளே தொற்று வளரும்.

அப்புறம், மூக்குக் கண்ணாடி ஒன்று, முடிந்தால் இரண்டு, கட்டாயம் கொண்டு போங்கள். "வெளிநாட்டுக்குப் போயும் சோடாப் புட்டிதானா புள்ள?" என்று மாமி கேட்பா, கேட்கட்டும். குளிக்கும்போது அதைக் கிணற்றுக் கட்டில் மட்டும் வைக்காதீர்கள், எங்கள் வீட்டுக் காகம் சவர்க்காரத்தையே தூக்கிக்கொண்டு போகிறது.