கடற்காற்று வராத நாளில் தொட்டி மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

சென்னையில் மே, ஜூன் மாதங்களில் பிற்பகலாகியும் கடற்காற்று வராமல் மேற்கிலிருந்து அனல்காற்றே வீசிக்கொண்டிருந்தால், அன்று மாலையே மாடித்தோட்டத் தொட்டி மண்ணில் 2 அங்குல ஆழம் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் நீர் ஊற்றி, மேலே காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ தண்டில் ஒட்டாமல் பரப்பி மூடாக்கு இடுங்கள்.

வறட்சி என்றாலே மழை பொய்த்து மாதக்கணக்கில் மெல்ல வருவது என்று எண்ணுகிறோம். ஆனால் கடும் வெப்பம், காற்றின் ஈரப்பதக் குறைவு, பலத்த காற்று, மேகமற்ற வானம் ஆகியவை ஒன்றுசேரும்போது மண்ணும் இலைகளும் நீரை ஆவியாக இழக்கும் வேகம் கூடி, வயல்களிலேயே சில வாரங்களில் திடீர் வறட்சி உருவாகிவிடுகிறது. மண் கொஞ்சமே உள்ள தொட்டியில் அதற்கு இரண்டொரு நாள் போதும். நண்பகலில் ஈரம் இருக்கும்போதே வாடும் செடிகளும் உண்டு என்பதால் இலையை நம்புவதைவிட விரலை நம்பலாம். மூடாக்கோ வெயிலும் காற்றும் மண்ணில் நேரே படாமல் தடுத்து, ஊற்றிய நீரைக் காக்கிறது.

கள்ளி, கற்றாழை வகைகளுக்கும், விதை முளைக்காத தொட்டிகளுக்கும் இது வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மூடாக்கை விலக்கிவிடுங்கள். இல்லையேல் வேர் அழுகக்கூடும்.