மேட்டூர் அணை பற்றி எழுதும்போது ‘நான்’ வரலாமா?

திருவாரூர் பக்கம் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கட்டுரையில் ‘நான்’ வரலாமா என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலைப்பைப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கும்.

‘மேட்டூர் அணையின் பயன்கள்’ என்றால் அது தகவல் கட்டுரை. ‘நான்’ வேண்டாம். 1934இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. இவற்றை வரிசையாக அடுக்கிவிட்டால் கட்டுரை ஆகிவிடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘அதனால் என்ன?’ என்று பென்சிலால் எழுதுங்கள். வழக்கமாக ஜூன் 12இல் அணை திறப்பார்கள். அதனால் என்ன? அந்தத் தண்ணீரை நம்பித்தான் டெல்டாவில் குறுவை என்ற குறுகிய கால நெல்லுக்கு நாற்று விடுகிறார்கள். 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அதனால் என்ன? போர்வெல் இல்லாதவர்களுக்குக் குறுவை போனது. இப்படிப் பதில் கிடைக்காத எண்ணை விட்டுவிடலாம்.

‘எங்கள் ஊரும் காவிரியும்’ என்று கேட்டால் நிலைமை வேறு. இங்கே நீங்கள் இல்லாமல் கட்டுரையே இல்லை. ஆனால் ‘தண்ணீரைக் கண்டு பேரானந்தம் அடைந்தேன்’ என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அது யாருடைய அனுபவமும் இல்லை. என் மாணவி ஒருத்தி இப்படி எழுதினாள்: ‘முதல் தண்ணீர் நுரையோடு வந்தது. முன்னால் சருகும் ஒற்றைச் செருப்பும் பாட்டில்களும் உருண்டு வந்து மதகில் அடைத்துக்கொண்டன. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மண்வெட்டியால் ஒதுக்கினார்.’ மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை, ஆனாலும் அந்த வீடு எவ்வளவு காத்திருந்தது என்று தெரிகிறது. எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். எழுதக் கடினமானதும் இதுதான்.

இதில் தகவலே கூடாதா? கூடும், ஆனால் ஒன்றிரண்டு போதும். அப்பா மதகில் இறங்கும் இடத்திலேயே ‘அந்த வருஷம் அணை திறந்ததே ஜூலை கடைசியில்தான்’ என்று ஒரு வரி. அவர் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது அப்போது புரியும். அதே வரியை முன்னுரையில் போட்டால் யாருக்கும் உறைக்காது.

அப்புறம், தேர்வில் குறிப்புச்சட்டகம் கொடுத்திருந்தால் அந்த உள்தலைப்புகளை விடாதீர்கள்.

எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். தகவல் கட்டுரை என்றால் ஆதாரம் காட்ட முடியாத வரியை அடியுங்கள். அனுபவக் கட்டுரை என்றால், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையும் எழுதியிருக்கக்கூடிய வரியை அடியுங்கள்.