ஆன்லைன் கதை வகுப்பில் பேச ஆள் பிடிப்பது எப்படி?

கதை எழுதக் கற்றுக்கொள்ள ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாயிற்று. பணமும் கட்டியாயிற்று. ஆசிரியர் நன்றாகத்தான் பேசுகிறார். திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வகுப்பு முடிந்ததும் சாட்டில் 'நன்றி சார்', 'நன்றி சார்' என்று ஓடும். அடுத்த நொடி ஒருவரும் இருக்கமாட்டார்கள். நாம் சேர்ந்ததே நாலு பேரோடு கதையைப் பற்றிப் பேசத்தான். அந்த நாலு பேர் எங்கே?

நேரில் கூட்டங்கள் இல்லாமல் இல்லை. வேலூரிலும் நடக்கின்றன, 1989 வரை நம் வட ஆர்க்காட்டோடு இருந்த திருவண்ணாமலையிலும் நடக்கின்றன. ஆனால் பேரணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ இருப்பவர் மாலைக் கூட்டத்துக்கு வந்தால், பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓட வேண்டும். கூட்டம் முடிந்தபிறகு வெளியே நின்று பேசுகிறார்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது. அது அவருக்குக் கிடைக்காது. ஆன்லைனில் பஸ் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பேச்சு தானாக நடக்காது, நாமேதான் நடத்திக்கொள்ள வேண்டும். எனக்கு எது வேலை செய்ததோ அதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜூம் இறக்குவது, போனில் தமிழ் அடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கதையை டிடிபி கடையில் அடித்து வாங்கியிருந்தால் அது பெரும்பாலும் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் இருக்கும். அப்படியே அனுப்பினால் எதிராளியின் போனில் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். படிக்கவே முடியாத கதைக்கு யாரும் பதில் போடமாட்டார்கள்.

படி 1: பணம் கட்டும் முன் மூன்று கேள்வி

நேரலையா, பதிவு செய்த வீடியோவா? எத்தனை பேர்? ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படிப்பார்களா, ஆசிரியர் மட்டும் படிப்பாரா?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஆசிரியர் மட்டும் படிக்கும் வகுப்பில் எழுத்து வரலாம், ஆள் கிடைக்கமாட்டார். வீடியோ வகுப்பு நம் தேவைக்கு உதவாது. பதினைந்து பேருக்குள் இருந்தால் நல்லது. நூறு பேர் வகுப்பு என்றால் அது சொற்பொழிவு, கேட்டுவிட்டு வரலாம்.

ஆங்கிலத்திலும் எழுதுகிறவர்கள் கோர்ஸெரா என்ற இணையப் பாடத் தளத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்துப் பாடங்களைப் பார்க்கலாம். அங்கே ஒருவர் பயிற்சியை இன்னொருவர் படித்து மதிப்பிடுவது பாடத்திலேயே உண்டு. ஆனால் மதிப்பிட்டால்தான் பாடம் முடியும் என்பதற்காகப் பலர் இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பழகிப்பார்க்க நல்ல இடம், குடியிருக்க அல்ல.

படி 2: பெயரோடு ஊரையும் போடுங்கள்

முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் உள்ளே போங்கள். பெயரை மாற்றுங்கள். எல்லா வகுப்பிலும் 'ரெட்மி நோட்' என்ற பெயரில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்; அவரோடு யார் பேசுவது? உங்கள் பெயரைத் தமிழில் போட்டு, பக்கத்தில் ஊரையும் போடுங்கள். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, எதுவானாலும் சரி.

வேலூர் என்று போட்டால் ஒரு வசதி இருக்கிறது. யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "வேலூருங்களா? எங்க அப்பாவை சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்." நமக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு. 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவோம். போகாதீர்கள். எங்கே தங்கினீர்கள் என்று கேளுங்கள். பாபு ராவ் தெரு லாட்ஜ், வங்காளத்தில் எழுதிய போர்டுகள், அறையிலேயே ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சிய பக்கத்து அறைக் குடும்பம், ரிப்போர்ட் வரும்வரை கோட்டை அகழி ஓரம் நடந்த சாயங்காலம் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அவர் எழுத வேண்டிய கதையே அங்கே இருக்கலாம். "இதை எழுதுங்களேன், நான் படிக்கிறேன்" என்று சொல்லிவையுங்கள். முதல் வாசகராக உங்களை நினைவு வைத்திருப்பார்.

படி 3: அடுத்தவர் கதைக்குப் பதில் எழுதுவது

இங்கேதான் எல்லாரும் நின்றுவிடுகிறோம். நானும் ரொம்ப நாள் இங்கேயே நின்றேன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வகுப்புத் தோழர் ஒருவர் கதை போடுகிறார். இலவம்பாடியிலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வரும் ஒரு தாத்தா. கதையில் இப்படி ஒரு இடம்:

"மண்டியில் மூட்டையைப் பிரிக்கக்கூட இல்லை. 'இன்னாபா, நேத்து நாப்பது ரூபா, இன்னிக்கு இருபதா?' என்றார் தாத்தா. மண்டிக்காரர் தராசுத் தட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். தாத்தாவின் மனம் சுக்குநூறாக உடைந்தது. இந்த உலகம் ஏழைகளுக்கானது இல்லை என்று உணர்ந்தார்."

வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, 'அருமை தோழர், கண் கலங்கிவிட்டது.' இன்னொன்று, 'கடைசி இரண்டு வரி வேண்டாம், செயற்கை.' முதல் பதிலுக்கு அவர் கும்பிடும் பொம்மை ஒன்றைப் போடுவார், பேச்சு முடிந்தது. இரண்டாவது பதில் சரியான பதில்தான். ஆனால் முன்பின் தெரியாதவர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லும்போது அடிபோல விழும். அவர் அடுத்த வாரம் கதை போடமாட்டார்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர், கலைப்படைப்புகளுக்குக் கருத்துச் சொல்ல நான்கு கட்டமாக ஒரு முறையை வகுத்தார். நடனத்துக்கு என்று வந்தது கதைக்கும் அப்படியே பொருந்துகிறது. முதலில், எது மனதில் நின்றது என்று படித்தவர்கள் சொல்ல வேண்டும். அடுத்து, எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்கலாம். மூன்றாவதாக, படித்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் 'சொல்லலாமா?' என்று கேட்டுவிட்டு.

கத்திரிக்காய்க் கதைக்கு இதை வைத்துப் பார்ப்போம்.

நின்றது: 'மண்டிக்காரர் பதில் சொல்லாமல் தட்டைத் துடைக்கிறாரே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது.' எந்த இடம், என்ன செய்தது, இரண்டும் இருக்கின்றன. எழுதியவருக்கு அது போதும்.

கேள்வி: 'ஏன் இவ்வளவு சோகத்தைத் திணித்திருக்கிறீர்கள்?' என்பது கேள்விக்குறி போட்ட தீர்ப்பு. 'தட்டைத் துடைப்பதைப் பார்த்ததும் தாத்தா என்ன செய்தார்? மூட்டையைத் திரும்பத் தூக்கினாரா, இருபதுக்கே கொடுத்தாரா?' என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் யோசிக்கும்போதே, மனம் உடைந்த வரி தேவையில்லை என்று பெரும்பாலும் அவருக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் கெட்டுப்போகவில்லை. 'திரும்பத் தூக்கினார், ஆனால் பஸ்ஸுக்குக் காசு பத்தவில்லை' என்று அவர் பதில் எழுதுவார். நீங்கள் இன்னொன்று கேட்பீர்கள். நாம் தேடிவந்த உரையாடல் தொடங்கிவிட்டது.

எழுத்துப்பிழை, ஒற்று மிகும், மிகாது எல்லாவற்றையும் தனியாக, கடைசியில் அனுப்புங்கள். பொதுவில் ஒற்றைத் தொட்டால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

கதை பேசப்படும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு பழக்கம் உண்டு. 1936ல் அமெரிக்காவில் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையோடு சேர்த்து அடிக்கடி சொல்லப்படுவது. நேரில் அது சரிப்படலாம், முகம் தெரிகிறதே. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறாரா, அழுகிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்? முதல் பத்து நிமிடம் மட்டும் அமைதி, பிறகு அவரும் பேசட்டும்.

கருத்துகளை எங்கே எழுதுவது? கூகுள் டாக்ஸ்தான், வேறு பேச்சே இல்லை. வாட்ஸ்அப்பில் 'மூன்றாவது பத்தி நாலாவது வரி' என்று எழுதினால் யாரும் தேடிப்போய்ப் படிக்கமாட்டார்கள். டாக்ஸில் அந்த வரியையே தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் கமென்ட் போடலாம், அதன் கீழேயே பதிலும் வரும். லிங்க் அனுப்பும்போது 'எடிட்டர்' கொடுக்காதீர்கள், 'கமென்டர்' கொடுங்கள். எடிட்டர் கொடுத்தால் ஆர்வக்கோளாறில் யாராவது உங்கள் கதையின் முடிவையே மாற்றிவிடுவார். மாற்றிவிட்டால் பதறாதீர்கள், கணினியில் திறந்து 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழையதை மீட்டுக்கொள்ளலாம். கூகுள் கணக்கில் நுழையாமல் கமென்ட் போடுகிறவர்களின் பெயர் தெரியாது. கமென்டின் கடைசியில் பெயரை எழுதச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று தெரியாத கருத்தோடு எப்படிப் பேசுவது?

படி 4: நாலு பேரைப் பிரித்தெடுங்கள்

இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும், யார் கேள்விக்குப் பதில் எழுதுகிறார்கள், யார் திருப்பிக் கேட்கிறார்கள் என்று. நன்றாக எழுதுகிறவரைத் தேடாதீர்கள், திருப்பிக் கேட்கிறவரைத் தேடுங்கள். மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஆறு பேரானால் இரண்டு பேர் சும்மா இருப்பார்கள்.

எப்படி அழைப்பது? இப்படி எழுதலாம்: "வணக்கம்ங்க. உங்க கதையில அந்த மண்டிக்காரரைப் பத்திப் பேசினது எனக்கு உதவியா இருந்தது. வகுப்பு முடிஞ்சப்புறமும் மாசம் ரெண்டு தடவை நாலு பேரா சேர்ந்து ஒருத்தர் கதையை ஒருத்தர் படிக்கலாம்னு இருக்கேன். வர்றீங்களா? முடியலைன்னாலும் பரவாயில்ல." கடைசி வரி கட்டாயம் வேண்டும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்புக் குழுவிலிருந்து ஒரு பெண்ணின் எண்ணை எடுத்து நேராக மெசேஜ் போடாதீர்கள். குழுவிலேயே எல்லாரும் பார்க்க அழையுங்கள். எண் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு டெலிகிராம் வசதி, அதில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம்.

படி 5: நாற்பது நிமிடம்

இலவச ஜூம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். நான் ஜூம் பக்கம். ஒரு கதைக்கு இருபது நிமிடம், இரண்டு கதை, முடிந்தது. அறுந்துவிடும் என்று தெரிந்தால் யாரும் சுற்றிவளைக்கமாட்டார்கள்.

கதையை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் முதல் பக்கத்தை மட்டும் எழுதியவர் வாய்விட்டுப் படிக்கட்டும். நம் பக்கத்து பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே கட்டியக்காரன் 'யார் நீ, எந்த ஊரு?' என்று கேட்டுவிடுவான். உட்கார்ந்திருக்கிற நமக்குள் இருக்கும் கேள்வியை அவன் கேட்கிறான். குழுவிலும் முறை வைத்து ஒருவர் அந்த வேலையைச் செய்ய வேண்டும். 'எனக்குப் புரியலீங்க, இவரு யாரு?' என்று வெட்கப்படாமல் கேட்கிற ஆள் ஒருவர் இருந்தால், மற்றவர்களுக்கும் வாய் திறந்துவிடும்.

நேரம் குறிக்கும்போது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதியில் என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் பகல் கூட்டமே வேண்டாம். வேலூர் மே மாதத்தில் மூன்று மணிக்கு யாருக்கும் அடுத்தவர் கதைமேல் அன்பு வராது.

படி 6: வகுப்பு முடிந்த பிறகு

பெரிய குழு சீக்கிரமே காலை வணக்கப் பூக்களாலும் ஃபார்வர்டுகளாலும் நிறைந்துவிடும். விட்டுவிடுங்கள். உங்கள் சிறு குழுவில் மட்டும், அடுத்த கதை யாருடையது, என்றைக்கு என்பதை ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். தேதி இல்லாவிட்டால் குழு அப்படியே தூங்கிவிடும். ஒருவர் கொஞ்ச நாள் எழுதாவிட்டால் நீக்காதீர்கள், படிக்க மட்டும் வரட்டும். முடிந்தால் ஒருமுறை நேரில் பாருங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே போகிற பெரும்பாலான ரயில்கள் காட்பாடியில் நிற்கின்றன. கோட்டை மைதானத்தில் உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை.

'என் கதையைத் திருடிவிட்டால்?' புதிதாக எழுதுகிறவர்களின் கதையைத் திருட யாரும் காத்திருக்கவில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் பயம் இருந்தால் நாவலை முழுதாகப் போடாமல் ஒரு அத்தியாயம் போடுங்கள். டாக்ஸில் எப்போது எழுதியது என்ற வரலாறும் இருக்கும்.

'எங்கள் குழுவில் அறுபது வயதைத் தாண்டிய ஐயா ஒருவர், அவருக்குத் தட்டச்சு வராது.' குரல் பதிவு அனுப்பட்டும், இரண்டு நிமிடத்துக்குள். அதற்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை. கூகுள் டாக்ஸில் தமிழில் பேசியே எழுதவும் முடியும். பிழை நிறைய வரும், இளையவர் ஒருவர் திருத்திக்கொடுக்கலாம்.

'டொரன்டோவில் இருப்பவர் சேர்ந்தார், திடீரென்று ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார்.' அவர்மேல் தப்பில்லை. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். நமக்கு இரவு எட்டு என்றால் அவருக்குக் குளிர்காலத்தில் காலை ஒன்பதரை, கோடையில் பத்தரை. லண்டன்காரருக்கு இந்த மாற்றம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் வரும். கூட்ட நேரத்தை இந்திய நேரத்திலேயே நிலையாக வைத்து, குழு விவரத்தில் எழுதிவிடுங்கள். மாறுகிறவர் அந்த வாரம் பார்த்துக்கொள்ளட்டும்.