குடும்ப ஜெபத்தில் கடவுளை ‘அப்பா’ என்று கூப்பிடப் பழகுவது எப்படி?

‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று வாராவாரம் ஆலயத்தில் சொல்கிறோம். அரை நிமிடத்தில் கடகடவென்று முடித்தும் விடுகிறோம். ஆனால் வீட்டில் யாரும் யாரையும் ‘பிதாவே’ என்று கூப்பிடுவதில்லை. அதனாலோ என்னவோ, அந்தச் சொல் ஆலய வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவர நாங்கள் செய்து பார்த்தது இது. இரவில் பத்து நிமிடமும் ஒரு வேதாகமமும் போதும்.

1. சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்தபோது ‘அப்பா பிதாவே’ என்றார் (மாற்கு 14:36). அங்கே வரும் ‘அப்பா’ அரமேயச் சொல். அவர் ஊரில் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிட்ட சொல் அதுதான். வளர்ந்த பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனவே நாற்பது வயதில் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் வீட்டுச் சொல்லும் அதே ஒலியில் இருப்பது தமிழனுக்குக் கிடைத்த சலுகை! முதல் இரண்டு நாள் ‘அப்பா’ என்று தொடங்கி ஒரே ஒரு வரி ஜெபித்தால் போதும்.

2. லூக்கா 15:11–32ஐ மெதுவாக வாசியுங்கள்

இதற்கு மட்டும் இரண்டு இரவு ஒதுக்குங்கள். ஆளுக்கு நாலு வசனம். கெட்ட குமாரன் கதை தெரிந்ததுதானே என்று ஓடாதீர்கள். பன்றி மேய்க்கும் இடத்தில் மகன் ஒரு பேச்சைத் தயார் செய்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்பட நான் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் வசனத்தையும் இருபத்தொன்றாம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபோது கூலிக்காரன் வரி இல்லை. அதைச் சொல்ல இடம் கொடுக்காமல் தகப்பன் வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று வேலைக்காரருக்கு அடுக்கிக்கொண்டே போகிறார். எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டும் என் கண்ணில் படாத இதை என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

3. ‘அப்பா’ என்றாலே வலிக்கிறவர்களுக்கு

குடித்துவிட்டு அடித்த தகப்பன், விட்டுப்போன தகப்பன் என்று இருந்திருந்தால் இந்தச் சொல் வாயில் வராது. வற்புறுத்தாதீர்கள். பவுல் எழுதுவதுபோல ‘இயேசுகிறிஸ்துவின் பிதாவே’ என்று தொடங்கலாம் (எபேசியர் 1:3). சங்கீதம் 27:10ஐயும், தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்கிற ஏசாயா 66:13ஐயும் வாசியுங்கள். காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

4. ஜெபத்துக்கு முன் கணக்கைத் தீருங்கள்

இது தகப்பன்மாருக்கு. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்கிறது. ஒருநாள் கணக்கு மார்க்குக்காக மகளைக் கத்தித் தீர்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் ‘வா, ஜெபம் பண்ணலாம்’ என்று பாயை விரித்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. ‘அப்பா பேசினது தப்பும்மா’ என்று சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு வேறு ஜெபம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை.

5. பிள்ளைகளைச் சொந்த வார்த்தையில் பேச விடுங்கள்

மனப்பாட ஜெபம் இருக்கட்டும், அப்புறம் அவர்கள் பங்குக்கு ஒன்று. சிரிப்பார்கள், பாதியில் தூங்குவார்கள். திருத்தாதீர்கள். போன வாரம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே, ‘அப்பா, என் ரப்பர் தொலைஞ்சு போச்சு’ என்ற குரல். ‘பையில பாரும்மா’ என்றேன்.

‘உங்களைக் கூப்பிடலப்பா’ என்று பதில் வந்தது.