ஒரு பழைய இதழின் வரலாற்றைப் படிப்பது எப்படி? ‘ஃபாரின் அஃபையர்ஸ்’ வழியாக ஒரு செய்முறை

சர்வதேச உறவுகள் படிக்க வரும் பலருக்கு ‘ஃபாரின் அஃபையர்ஸ்’ என்ற அமெரிக்க வெளியுறவு இதழ் என்றால் நாலைந்து புகழ்பெற்ற கட்டுரைகள்தான். எனக்கும் முதலில் அப்படித்தான். ஆனால் இதழின் பெயரையும் ஆசிரியர்களையும் பின்தொடர்ந்தால்தான் அதன் போக்கு பிடிபடும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பிறந்த நேரம்

செப்டம்பர் 1922, நியூயார்க் என்று எழுதுங்கள். 1921-இல் தொடங்கிய வெளியுறவு கவுன்சில் என்ற அமெரிக்கச் சிந்தனைக் குழுதான் இதை வெளியிட்டது. முதல் உலகப் போர் முடிந்து நாலு வருடம். போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அமெரிக்கா சேராமல் விலகி நின்ற காலம். நாடு உலகத்தைவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர்கள் நடத்திய இதழ் இது.

படி 2: அதற்கு முன் என்ன?

இங்கே அவசரப்படாதீர்கள். 1910-இல் மாசசூசெட்ஸில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’ என்ற இதழ் வந்தது. ‘இன வளர்ச்சி இதழ்’ என்று பொருள். 1919-இல் அது ‘ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்’ என்று பெயர் மாறியது. 1922-இல் ‘ஃபாரின் அஃபையர்ஸ்’ அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

‘இனம்’ இருந்த இடத்தில் ‘சர்வதேச உறவுகள்’ வந்து உட்கார்ந்திருக்கிறது! இதைக் கவனித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்னேறிய இனம், பின்தங்கிய இனம், காலனிகளை யார் ஆள்வது என்ற பேச்சு இந்தத் துறையின் வேரிலேயே இருக்கிறது. அந்தப் பேச்சை எதிர்த்த குரலும் அங்கேயே உண்டு. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் பழைய இதழிலும் எழுதினார், 1925-இல் ‘ஃபாரின் அஃபையர்ஸ்’ இதழிலும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ‘ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்’ இதழ்கள் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 3: ஆசிரியர்கள்

முதல் ஆசிரியர் ஹார்வர்ட் வரலாற்றாசிரியர் ஆர்ச்சிபால்ட் கேரி கூலிட்ஜ். நியூயார்க் அலுவலகத்தைக் கவனித்தவர் ஹாமில்டன் ஃபிஷ் ஆர்ம்ஸ்ட்ராங். 1928-இல் கூலிட்ஜ் இறந்ததும் ஆர்ம்ஸ்ட்ராங் ஆசிரியரானார். 1972 வரை அவர்தான். 1930-களின் பெரும் பொருளாதார மந்தம், இரண்டாம் உலகப் போர், பனிப்போர் என எல்லாமே ஒரே மனிதரின் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின.

படி 4: பெயர் மறைத்தவர்கள்

முதல் இதழில் ரஷ்யா பற்றிய கட்டுரையின் கீழ் ‘கே’ என்று மட்டும் இருக்கும். அது கூலிட்ஜே. ஜூலை 1947-இல் மறுபடி ரஷ்யா, மறுபடி ஒற்றை எழுத்து: ‘எக்ஸ்’. சோவியத் விரிவாக்கத்தை அமெரிக்கா தடுத்து நிறுத்த வேண்டும் என்று வாதிட்ட கட்டுரை அது. எழுதியவர் ஜார்ஜ் கென்னன், அப்போது அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி. சொந்தப் பெயரில் வந்தால் அரசின் கருத்தாகிவிடும் என்பதால்தான் இந்த மறைப்பு. யார் அவர் என்பது சீக்கிரமே வெளியே வந்துவிட்டது, அது வேறு.

படி 5: மறுப்புகள்

கென்னனைப் படித்த கையோடு, அதே ஆண்டு அவரை மறுத்துப் பத்திரிகைப் பத்திகள் எழுதிய அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மனையும் படியுங்கள். அப்புறம் 1993-க்கு வாருங்கள். இதே இதழில் நாகரிகங்களின் மோதல் பற்றி அரசியல் அறிஞர் ஹண்டிங்டன் எழுதிய கட்டுரையின் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடியும். 1996-இல் அது நூலானபோது கேள்விக்குறி போய்விட்டது. அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.