வாடகை ஃப்ளாட்டில் மூட்டைப்பூச்சி: விரட்டப் போய்ப் பரப்பிவிடும் தவறுகள்

மூட்டைப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. கொசு மாதிரி ஜன்னல் வழியாக வராது, தெள்ளுப்பூச்சி மாதிரி குதிக்கவும் குதிக்காது. நன்கு வளர்ந்ததே 5 மில்லிமீட்டர் நீளம்தான். அப்படியிருந்தும் வேளச்சேரியில் நான்காவது மாடி ஃப்ளாட்டுக்கு அது வந்து சேர்கிறது என்றால், யாரோ தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். பழைய சாமான் கடையில் வாங்கிய கட்டில், ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்த தம்பியின் பெட்டி, ரயிலில் சீட்டுக்கு அடியில் இரவெல்லாம் கிடந்த பை, வீடு மாற்றும் லாரியில் பீரோவைச் சுற்றிக் கட்டிய போர்வை, இப்படி ஏதாவது ஒன்று.

ஆனால் ஊரில் இருக்கும் நம்பிக்கை வேறு. அழுக்கு வீட்டில்தான் மூட்டைப்பூச்சி வரும் என்பார்கள். அதற்கு வேண்டியது ரத்தம் மட்டும். தரை பளபளவென்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். லட்சுமி தாமரையில் உறங்குவதும், சிவன் இமயத்தில் உறங்குவதும், விஷ்ணு பாற்கடலில் உறங்குவதும் மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான் என்று ஒரு பழைய சமஸ்கிருதச் சுலோகம் கிண்டல் செய்கிறது. தெய்வங்களுக்கே இந்தக் கதி என்றால் இரண்டு பெட்ரூம் வாடகைக்காரர் கூச்சப்பட என்ன இருக்கிறது?

கூச்சத்தை இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. வாடகை வீட்டில் நடக்கும் மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது, ஓனர் காலி செய்யச் சொல்லிவிடுவார், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார் என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடாமல் தாங்களே ஸ்ப்ரே டப்பாவும் மண்ணெண்ணெயுமாக இறங்குகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தில் உங்கள் படுக்கையறைச் சுவரின் மறுபக்கம் இன்னொருவர் படுக்கையறை. சுவருக்குள் போகும் வயர் பைப், ஸ்விட்ச் போர்டு, சுவரைத் துளைத்துப் போகும் தண்ணீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் இடைவெளி எல்லாமே பூச்சிக்கு வழி. நீங்கள் மட்டும் அடித்தால் அந்தப் பக்கம் ஒதுங்கும். அவர்கள் அடித்தால் இங்கே திரும்பும். பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு இந்த மூன்றையாவது ஒரே வாரத்தில் பார்க்க வேண்டும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடத் தயக்கமாக இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். பாதிப் பேர் “எங்க வீட்லயும் இருக்கு” என்பார்கள். அவர்களும் சொல்லாமல்தான் இருந்திருப்பார்கள்.

வீட்டு ஓனரிடம் போனில் மட்டும் சொல்லிவிட்டு விடுவதும் தவறு. போட்டோவோடு, தேதி தெரியும்படி மெசேஜ் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தில் எந்த வேலை யாருடைய பொறுப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு மாதிரி வேலைகள் நம் பக்கம். மூட்டைப்பூச்சியைப் பேர் சொல்லி அதில் சேர்க்கவில்லை. ஆகவே யார் செலவு என்பது ஒப்பந்தத்தையும் பேச்சையும் பொறுத்தது. கட்டில் மெத்தையோடு வாடகைக்கு விட்ட வீடு என்றால், குடிவந்த முதல் வாரத்திலேயே எழுதிச் சொன்னவருக்குப் பேச இடம் இருக்கும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் “நீங்கதானே கொண்டுவந்தீங்க” என்பதுதான் பதில்.

கடித்த தடிப்பை வைத்து முடிவு செய்வது இன்னொரு தவறு. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்கும், மற்றவருக்கு ஒரு புள்ளிகூட இருக்காது. சிலருக்குக் கடித்து நாலைந்து நாள் கழித்துத்தான் தடிக்கும். கொசு என்றும், உணவு ஒவ்வாமை என்றும், சிரங்கு என்றும் நினைத்துக் களிம்பு தடவியே ஒரு மாதத்தைக் கடத்திவிடுவார்கள். பூச்சியைக் கண்ணால் பார்க்கும் வரை மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். (கடி எரிச்சலே தவிர, மூட்டைப்பூச்சி கடியால் நோய் பரவுவதாக நிரூபணம் இல்லை. அந்தப் பயம் தேவையில்லை. அதனால் அவசரமும் தேவையில்லை.)

பார்ப்பது எப்படி? மெத்தையைத் தட்டிப் பார்த்தால் போதாது. கட்டிலின் தலைமாட்டுப் பலகையும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். பால்பாயின்ட் பேனாவால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரியும். ஈரப் பஞ்சால் ஒரு புள்ளியைத் தேய்த்தால் செம்பழுப்பாக இழுபடும். அது பூச்சி செரித்துப் போட்ட ரத்தம். பக்கத்திலேயே தேன் நிறத்தில் உரித்துப் போட்ட தோல், மில்லிமீட்டர் நீளத்தில் மரத்தோடு ஒட்டிக்கொண்ட வெள்ளை முட்டை. பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் விட்டு இழுத்தால் உயிருள்ளதே வெளியே வந்துவிடும். மெத்தையின் ஓரத் தையல், சுவரில் தொங்கும் காலண்டரின் பின்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்க மடிப்பு, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் விரிசல் எல்லாம் அடுத்த இடங்கள்.

பூச்சியைப் பார்த்ததும் அன்று இரவே எல்லோரும் செய்வது, ஹாலில் போய்ப் படுப்பது. இதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. நாம் விடும் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் அது ஆளைத் தேடுகிறது. ஆள் இடம் மாறினால் ஒன்று பின்னாலேயே வரும், இல்லையென்றால் தலையணையில் நாமே எடுத்துப் போவோம். ஓர் அறையில் இருந்தது மூன்று அறைக்கு ஆகிவிடும். கொஞ்சம் கொடுமையான யோசனைதான், ஆனாலும் அதே அறையில், அதே கட்டிலில் படுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், போர்வை தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டில் காலுக்குக் கிண்ணம் வைக்கும் பழைய பழக்கம் நல்லதுதான். ஆனால் வெறும் கிண்ணம் போதாது. நம் பக்கத்து வெப்பமண்டல வகைக்கு வழுவழுப்பான பரப்பிலும் ஏறத் தெரியும். சோப்பு கலந்த தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

அதே போல, துணிகளை வாரி அணைத்துக்கொண்டு ஹால் வழியாக வாஷிங் மெஷினுக்குப் போகக் கூடாது. கட்டில் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, மெஷினுக்குள் கொட்டிய பிறகு பையையும் கட்டி வெளியே போட்டுவிட வேண்டும். மெஷினில் 60 டிகிரி வைக்க முடிந்தால் முட்டையும் சாகும். இல்லையென்றால் நன்றாகக் கொதித்த தண்ணீரில் ஊறவையுங்கள்.

சூடுதான் இந்தப் பூச்சிக்கு உண்மையான எதிரி. 55 டிகிரி பட்டால் முட்டையோடு போய்விடும். இதை அறிவியல் சொல்வதற்கு முன்பே நம் வீடுகளில் இரும்புக் கட்டில் மூலையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். இரும்புக்கு அது இன்றும் முதல்தரமான வைத்தியம். மரக் கட்டில் உப்பிவிடும்; அதற்கு நீராவி வரும் இஸ்திரிப் பெட்டியை இடுக்கோடு மெதுவாக நகர்த்தினால் போதும். அவசரமாக இழுத்தால் சூடு உள்ளே இறங்காது. ஆனால் மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது பாதி வேலைதான். மேல்பக்கம் சுடச் சுட, பூச்சி கீழ்ப்பக்க நிழலுக்கு நகர்ந்துவிடும், பஞ்சுக்குள் சூடும் இறங்காது. சாயங்காலம் அதே மெத்தையோடு படியிறங்கி வரும்.

அப்புறம் மருந்து. கடையில் கிடைக்கும் கொசு, கரப்பான் ஸ்ப்ரே பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை. அதற்கு மூட்டைப்பூச்சி பழகி வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று நேற்றல்ல, டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லிக்கே 1940-களின் கடைசியில் பழகிக்கொண்ட இனம் அது. இந்த ஸ்ப்ரே செய்வதெல்லாம் எரிச்சலூட்டிக் கலைத்துவிடுவதுதான். அறையை மூடிப் புகைபோல நிரப்பும் டப்பாக்களை 2012-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, வீடுகளில் இருந்து பிடித்துவந்த பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்துருண்டை, கற்பூரம், வசம்பு எல்லாம் வாசனைக்கு நல்லது. மண்ணெண்ணெய் மேலே பட்ட பூச்சியைக் கொல்லும், இடுக்கில் இருப்பதை விட்டுவிடும். பிறகு ஒரு கொசுவத்திச் சுருள் போதும், மெத்தை பற்றிக்கொள்ள.

இதைவிட ஆபத்தானது, உரக்கடையில் வயல் மருந்தை வாங்கி மெத்தையில் அடிப்பது. டைக்குளோர்வாஸ் ஒரு காலத்தில் மூட்டைப்பூச்சிக்கு என்றே வாங்கினார்கள். 2020 டிசம்பர் 31 முதல் அதற்கு இந்தியாவில் தடை. இன்னும் யாராவது கண்ணாடி பாட்டிலில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைப்பது நேரடியாக உயிரோடு விளையாடுவது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு குடியிருப்பில் எலிக்காக வைத்த மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஜன்னல் மூடி ஏசி ஓடும் படுக்கையறை எந்த மருந்துக்குமே தப்பான இடம்.

ஆள் கூப்பிடுவது என்று முடிவானால், விலை கேட்பதற்கு முன் எத்தனை தடவை வருவார்கள் என்று கேளுங்கள். ஒரே தடவை, ஒரு வருட கேரண்டி என்றால் வேண்டாம். அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை முட்டைக்குள் இறங்காது. நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு ஐந்து தடவை தோலுரித்து, ஒன்றரை மாதத்துக்குள் முட்டையிடத் தயாராகிவிடும். அதனால்தான் இரண்டாவது சுற்று 10 முதல் 14 நாளுக்குள் கட்டாயம் வேண்டும். முதல் சுற்று முடிந்து ஒரு வாரம் கடி இல்லை என்றதும் “போயிடுச்சு, இரண்டாவது வேண்டாம்” என்று காசை மிச்சப்படுத்துபவர்கள்தான் அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

வந்தவர் கட்டிலைக் கழற்றுகிறாரா என்று பாருங்கள். ஹால் ஓரத்தில் அடித்துவிட்டு, சமையலறைக் கப்போர்டில் ஜெல் புள்ளி வைத்துவிட்டுக் கிளம்பினால் அவர் கரப்பானுக்கு வந்தவர். ஜெல்லைத் தின்ன மூட்டைப்பூச்சிக்கு வாயே கிடையாது, உறிஞ்சும் குழல் மட்டும்தான். எந்த மருந்து என்று டப்பாவைக் காட்டச் சொல்லலாம், பூச்சிக்கொல்லிச் சட்டப்படி எடுத்த லைசென்ஸையும் கேட்கலாம். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள். அவர்கள் போன பிறகு, நாற்றம் பொறுக்காமல் சுவரோரத்தை எல்லாம் ஃபினாயில் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். துடைத்தால் கொடுத்த காசு தண்ணீரோடு போகும். நடக்கும் இடத்தை மட்டும் துடையுங்கள். தவழும் குழந்தை இருந்தால் மட்டும் அதை முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

மெத்தையைத் தூக்கிப் போடுவது பற்றிக் கேட்பார்கள். கட்டில், சுவர், ஸ்விட்ச் போர்டில் இருப்பது அப்படியே இருக்கும்போது மெத்தையை மட்டும் மாற்றினால், புது மெத்தைக்கு வாரத்தில் குடியேறிவிடும். நாலு பக்கமும் ஜிப் வைத்த உறை மாட்டுவது செலவு குறைந்த வழி. போட்டே ஆக வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கில் சுற்றி, குறுக்கே கிழித்து, மூட்டைப்பூச்சி என்று மார்க்கரில் எழுதிப் போடுங்கள். அப்படியே படிக்கட்டின் கீழ் சாய்த்து வைத்தால் வாட்ச்மேனோ, வேறு தேவைப்பட்டவரோ எடுத்துப் போவார்கள். அவருக்கு அது இலவசம் இல்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் பட்டினியில் செத்துவிடும் என்பதும் நடக்காது. நம் வெயிலிலும் ஒன்றிரண்டு மாதம் தாக்குப்பிடிக்கும், குளிர் ஊர்களில் ஒரு வருடம்கூட. வீட்டையே மாற்றிவிடலாம் என்று கிளம்பினாலும் அது சாமானோடு வரும். முதலில் இங்கே இரண்டு சுற்றையும் முடித்து, ஆறு வாரம் புதுப் புள்ளி எதுவும் விழவில்லை என்று பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். புது வீட்டில் கட்டில் போட்டிருந்தால், தண்ணீர் வருகிறதா, கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்கும்போதே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கையில் இருக்கட்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தலைமாட்டு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ஓனர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.