அடுத்த பட்டத்தில் எதை விதைக்காமல் இருப்பது? மாடித்தோட்டத்துக்கு ஒரு கணக்கு

கார்த்திகையில் காலிஃபிளவர் நாற்று வாங்கி வருவது, தை கடைசியில் எலுமிச்சை அளவுப் பூவைப் பார்த்துவிட்டு "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது. இப்படியே மூன்று வருடம் ஓட்டினேன். மூன்றாம் வருடம் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த ஆறு பையில கீரை போட்டிருந்தா நான் எத்தனை தடவை கடைஞ்சிருப்பேன்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் கணக்கு. எங்கள் வீடு தாம்பரம் பக்கம், மாடியில் நாற்பது பை, சாப்பிட நான்கு பேர். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், போடும் முறை ஒன்றுதான்.

முதல் வேலை: நினைவை நம்பாதீர்கள்

நன்றாகக் காய்த்த ஒரு நாள் மனதில் நிற்கும். காய்க்காத அறுபது நாள் நிற்காது. அதனால் எழுதி வையுங்கள். தனி நோட்டுப் போட்டால் பத்து நாளில் அது எங்கே போனது என்று தேட வேண்டிவரும். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரே போதும். விதைத்த நாள், எத்தனை பை, முதல் அறுப்பு, செடியைப் பிடுங்கிய நாள், இந்த நான்கையும் குறியுங்கள். பறிக்கும் நாளில் கிலோ பார்க்காதீர்கள். "வேளை" எழுதுங்கள். ஒரு பொரியலோ ஒரு குழம்போ வீட்டுக்கே போதுமான அளவு வந்தால் ஒரு வேளை. இரண்டு வெண்டைக்காய் வேளை ஆகாது. அது சாம்பாரில் போய்க் காணாமல் போகும்.

இரண்டாவது: பை-நாள்

மாடியில் நமக்குத் தட்டுப்பாடு விதையில் இல்லை. இடம், வெயில், தண்ணீர், தினமும் படியேறும் கால் ஆகியவைதான் தட்டுப்பாடு. ஒரு பை ஒரு நாள் அடைபட்டால் இவை எல்லாமே செலவாகின்றன. எனவே பைகளின் எண்ணிக்கையை நாட்களால் பெருக்கி, கிடைத்த வேளைகளால் வகுத்துவிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எத்தனை பை-நாள் கொடுத்தோம் என்பது தெரிந்துவிடும்.

எங்கள் மாடியில் போன வருடம் வந்தது இது. அரைக்கீரை: 2 அகலப் பை, 120 நாள், அறுத்து அறுத்து 8 வேளை. வேளைக்கு 30. பாகல்: 2 பை, 120 நாள், 7 வேளை. சுமார் 34. வெண்டை: 8 பை, 85 நாள், 13 வேளை. சுமார் 52. கத்தரி: 5 பை, 180 நாள், 15 வேளை. 60. சின்ன வெங்காயம்: 4 பை, 70 நாள், இரண்டே சாம்பார். 140. காலிஃபிளவர்: 6 பை, 100 நாள், எல்லாப் பூவையும் சேர்த்து இரண்டு வேளை. 300. மக்காச்சோளம்: 6 பை, 80 நாள், ஒரு சாயங்காலத் தீனி. 480!

அறுபதுக்குள் வந்தால் செடி தங்கும். நூறைத் தாண்டினால் விசாரணை. நடுவில் நிற்பவை வீட்டார் நாக்கைப் பொறுத்தது. இது நான் வைத்துக்கொண்ட கோடு, நீங்கள் உங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது: தப்பு செடியுடையதா, நம்முடையதா

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். கணக்கு மோசமாக வந்தவுடன் செடியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள். நானும் சுரையை அப்படித்தான் அடித்தேன். கொடி மதில் முழுக்கப் படர்ந்தது, பெண் பூ வரிசையாக வந்தது, அடியில் இருந்த பிஞ்செல்லாம் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. "மாடிக்குச் சுரை ஒத்துவராது" என்று எழுதியும் வைத்துவிட்டேன்.

உண்மையில் நான் போன நேரம்தான் ஒத்துவரவில்லை. சுரை பொழுது சாய்ந்த பிறகு பூக்கிறது. நான் காலை ஒன்பது மணிக்கு ஆண் பூவைத் தேடிக்கொண்டு போனால் அது வாடித் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த முறை விளக்கு வைக்கும் நேரத்தில் போய், ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, அதைப் பெண் பூவின் நடுவில் தடவினேன். காய் நின்றது. பீர்க்கையும் புடலையும்கூட மாலை தாண்டிப் பூக்கிறவைதான். பாகலும் வெள்ளரியும் காலை ஆட்கள். மாடிக்குத் தேனீ வரத்து குறைவு என்றால் இந்த வேலை நம் தலையில்தான்.

பட்டம் தவறுவது இன்னொன்று. கொடி அவரையைத் தையில் விதைத்துவிட்டு இலை இலையாக வளர்கிறதே என்று புலம்புவதில் பயனில்லை. பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும். ஆடியில் விதைத்தால் மழை ஓயும் சமயத்தில் காய் பார்க்கலாம். பொறுமை இல்லாதவர்களுக்குச் செடி அவரை இருக்கிறது, அது பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. கத்திரி வெயிலில் தக்காளி பூவைக் கொட்டுவதும், கோடையில் முள்ளங்கி சக்கையாகிப் போவதும் இதே வகை. வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த தேமல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கிப் போடுங்கள், வெண்டையையே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம்.

ஆகவே காலண்டரின் பின்பக்கம் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று "வேண்டாம்". மற்றது "சரியான பட்டத்தில் இன்னொரு தடவை". இரண்டாவதில் எழுதும்போது எதை மாற்றப் போகிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத ஒன்றும் தோன்றவில்லையா? அப்படியானால் அந்தக் காயின் இடம் முதல் பட்டியல்தான்.

"வேண்டாம்" பட்டியலில் என் ஆட்கள்

காலிஃபிளவர், முட்டைக்கோஸ். ஒரு செடிக்கு ஒரு பூ, ஒரு கோஸ், அதோடு ஆட்டம் முடிந்தது. சமவெளியில் குளிர் இருப்பதே சில வாரம்தான். வெயில் ஏறியதும் பூ இறுக்கம் விட்டுப் பிரிந்துவிடும். வெப்பம் தாங்கும் ரகங்கள் கிடைக்கின்றன, ஆனால் ஒரு செடிக்கு ஒன்று என்ற கணக்கை எந்த ரகமும் மாற்றாது.

கேரட்டும் உருளையும் ஊட்டி, கொடைக்கானலில் இருக்கட்டும். உருளைக்கு இரவு குளிர வேண்டும், இல்லாவிட்டால் தழை மட்டும் செழிக்கும். கேரட் மூன்று மாதம் உட்கார்ந்திருந்து, விரல் மாதிரி கிளை விட்டு, வெளிறி வந்தது. குடைமிளகாயும் அப்படியே.

மக்காச்சோளம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு மணிக்கும் கதிரிலிருந்து தனியாக ஒரு பட்டிழை நீள்கிறது. அந்த இழையில் மகரந்தம் விழுந்தால்தான் அந்த மணி பிடிக்கும். காற்று கொண்டுவர வேண்டிய மகரந்தம் அது. வயலில் நெருக்கமாக நிற்கும்போது நடக்கிறது. வரிசையாக ஆறு பையில் வைத்தால் கதிர் பொக்கை வாய்தான்.

சின்ன வெங்காயத்தை அடிக்க மனசு வரவில்லை. ஆனால் நட்ட வெங்காயத்தைக் கழித்துப் பார்த்தால் லாபம் இன்னும் சிறுத்துவிடுகிறது. அடித்துவிட்டேன். தாளுக்காக மட்டும் ஒரு பழைய வாளியில் ஒரு பிடி நடுகிறேன்.

நான்காவது: கடையோடு ஒப்பிடுங்கள், விலையை மட்டும் பார்க்காமல்

கணக்கு கத்தரிக்கு 60 என்று கோட்டிலேயே நிற்கிறது. இருந்தும் நான் அதை விடுவதில்லை. தண்டையும் காயையும் துளைக்கும் புழு கத்தரியின் தீராத தலைவலி, அதனால் விற்பனைக்கு வளர்க்கிறவர்கள் திரும்பத் திரும்ப மருந்து அடிக்க வேண்டியிருக்கிறது. மாடியில் ஐந்து செடிதானே. வாடித் தொங்கும் நுனியைப் புழுவோடு கிள்ளி நசுக்கிவிடலாம். கடையில் கிடைக்காத காயாக அது ஆகிவிடுகிறது. பறித்த அரை மணியில் அடுப்பேறும் கீரையும் அப்படி. புதினா, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் இவற்றுக்குக் கணக்கே போடாதீர்கள். பத்து ரூபாய்க்குக் கடைக்கு ஓடும் நடை மிச்சம்.

பெரிய வெங்காயத்துக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. கடையில் வாங்குவதும் மாடியில் விளைவதும் தாளித்த பிறகு ஒன்றுபோலத்தான்.

ஐந்தாவது: காலியான பை

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றைப் பிடுங்கிய மண்ணில் மற்றதை வைக்காமல் கீரைக்கோ அவரை வகைக்கோ கொடுங்கள். பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் கொஞ்ச நாள் செண்டுமல்லி இருக்கட்டும். அவரை, பயறு வேரிலும் உருண்டைகள் இருக்கும், பயப்பட வேண்டாம். உரசினால் உதிர்ந்துவிடும். அவை தழைச்சத்துக் கிடங்கு.

மீந்த விதையில் வருடம் எழுதி மூடி வையுங்கள், அல்லது குளிர்ந்த ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். என் கேரட் விதை கோத்தகிரிக்குப் போய்விட்டது.

அந்தக் காலிஃபிளவர் பைகள் ஆறில் இரண்டு அம்மா கேட்டபடி கீரைக்குப் போயின. மீதி நான்கில் சித்திரையில் கொத்தவரை போட்டேன். இன்றைக்கு 62 நாள், அதாவது 248 பை-நாள், 3 வேளை. இன்று காலை வரை வேளைக்கு 83 என்று நிற்கிறது. செடியில் இன்னும் பூ இருக்கிறது, இறங்கும்.